கேண்டிடேட் ஜீன் ஸ்டடி பண்ணப் போறீங்களா? ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

பேஷண்ட் 100 பேரு, நார்மல் 100 பேரு, ஒரு ஜீன், ஒரு பிசிஆர் மெஷின். எம்எஸ்சி ப்ராஜெக்டோ எம்டி தீசிஸோ பிஎச்டி முதல் வருஷமோ, கேண்டிடேட் ஜீன் ஸ்டடி, அதாவது நோய்க்குக் காரணமா இருக்கும்னு சந்தேகப்படுற ஒரு ஜீனை எடுத்து நோய் இருக்கிறவங்க இல்லாதவங்ககிட்ட ஒப்பிட்டுப் பாக்குறதுன்னு சொன்னா, முக்காவாசிப் பேரு கையில வெச்சிருக்கிற ப்ளான் இதுதான். ஆறு மாசத்துல பி வேல்யூ (தொடர்பே இல்லன்னாலும் இந்த அளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.03 வரும், ஒரு பேப்பர் வரும், அப்புறம் வேற ஊர்ல வேற யாராவது அதே ஜீனைப் பாத்தா ஒண்ணும் இருக்காது. நம்ம ஊரை மட்டும் சொல்லல, உலகம் பூரா இதே கதைதான் ஓடுச்சு. 2002-ல ஜோயல் ஹிர்ஷ்ஹார்ன் குழு அதுவரைக்கும் வந்த பேப்பரை எல்லாம் வரிசையா எடுத்துப் பாத்தாங்க. இந்த வேரியன்டுக்கும் (ஜீன்ல ஆளுக்கு ஆள் மாறுற இடம்) இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு சொன்ன ரிப்போர்ட் 600-க்கு மேல இருந்துச்சு, அதுல மூணு தடவையாவது சோதிச்சுப் பாத்தது 166, அந்த 166-ல ஒவ்வொரு தடவையும் உருப்படியா நின்னது வெறும் 6.

மத்ததெல்லாம் ஏன் விழுந்துச்சுன்னு பாத்தா, லேப்ல விழுந்தது கம்மி. எந்த ஜீன், யாரு கேஸ் (நோய் இருக்கிறவங்க), யாரு கன்ட்ரோல் (நோய் இல்லாதவங்க), எத்தனை பேருன்னு முடிவு பண்ணுன அன்னிக்கே பெரும்பாலானது விழுந்துடுச்சு, அப்புறம் நடந்தது எல்லாம் அதுக்குச் செலவு பண்ணுன ரீஏஜன்ட் காசு தான். அதனால இதுல லேப்புக்கு முன்னாடி நடக்கிற வேலையைப் பத்தித்தான் அதிகமா எழுதப் போறேன், பிசிஆர் எப்படி செட் பண்றதுன்னு தேடி வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முதல்ல ஜீனை எப்படி எடுக்கிறது

"லிட்டரேச்சர்ல நிறைய பேரு பாத்திருக்காங்க, அதனால நாங்களும் பாக்குறோம்" இதெல்லாம் ஒரு காரணமே இல்ல. நல்ல கேண்டிடேட் எப்படி இருக்கும்னு காட்ட ஒரு உதாரணம் சொல்றேன், நம்ம பக்கத்து நோய் தான்.

கேரளா, தமிழ்நாட்டு டாக்டருங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச நோய் ட்ராபிகல் பேன்க்ரியாடைடிஸ். தண்ணி அடிச்சே இருக்காத இளவயசுக்காரங்களுக்கு வயித்து வலி, எக்ஸ்ரேல பாத்தா கணையத்துல கல்லு, போகப்போக சுகர். மரவள்ளிக்கிழங்கு தான் காரணம்னு ரொம்ப வருஷம் பேசிட்டு இருந்தாங்க. இதுக்கிடையில 1996-ல அமெரிக்காவுல டேவிட் விட்கோம்ப் குழு, பரம்பரையா கணைய அழற்சி வர்ற குடும்பங்கள்ல பிஆர்எஸ்எஸ்1ங்கிற ஜீன்ல தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அது ட்ரிப்சினோஜனுக்கான ஜீன், அதாவது குடல்ல போய் புரோட்டீனை வெட்ட வேண்டிய ட்ரிப்சின் கணையத்துக்குள்ளயே வேலையை ஆரம்பிச்சு கணையத்தையே அரிக்குது. இது தெரிஞ்சதும் அடுத்த கேள்வி தானா வரணும். கணையத்துக்குள்ள ட்ரிப்சினைப் பிடிச்சு வெக்கிறதுக்குன்னே ஒரு புரோட்டீன் இருக்கே, ஸ்பிங்க்1, அது கெட்டாலும் இதே தானே நடக்கணும்? 2000-ல ஜெர்மனியில ஹைகோ விட் குழு நாள்பட்ட கணைய அழற்சி இருக்கிற குழந்தைங்ககிட்ட இதைத் தேடி, என்34எஸ்ங்கிற மாற்றத்தைப் பிடிச்சாங்க. 2002-ல ஹைதராபாத் சிசிஎம்பியில கிரிராஜ் சந்தக் குழு நம்ம ட்ராபிகல் பேஷண்டுங்ககிட்ட பாத்தப்ப பிஆர்எஸ்எஸ்1-ல தப்பு எதுவும் இல்ல, ஆனா ஸ்பிங்க்1 என்34எஸ் கன்ட்ரோலை விட பேஷண்டுங்ககிட்ட ரொம்ப அதிகமா இருந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ஒவ்வொரு படியும் முந்தின படியில இருந்து வந்திருக்கு. நோய் எந்த உறுப்புல, அங்க எந்த வேலை கெடுது, அந்த வேலையை யாரு பண்றா, யாரு அடக்குறா. இதை உங்க ஜீனுக்கு நாலு வரியில எழுத முடியலன்னா அந்த ஜீனை விட்டுடுங்க. எழுத முடிஞ்சாலும் அதை ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி தேதி போட்டு எழுதி வெச்சுக்கோங்க, ஏன்னா ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் எந்த ஜீனுக்கும் எந்த நோய்க்கும் ஒரு பாத்வே வரைஞ்சிடலாம், வீக்கம்னு சொல்லலாம், ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்லலாம், எதையும் எதோடயும் கோர்த்துடலாம். இன்னொண்ணு, என்34எஸ் ஒரு அமினோ ஆசிட்டை மாத்துது, ஆனா அந்த மாற்றத்தால ஸ்பிங்க்1 வேலை எப்படிக் குறையுதுன்னு லேப்ல தெளிவா காட்ட முடியல, பக்கத்துல அதோட சேர்ந்தே வர்ற வேற மாற்றம் தான் உண்மையான காரணமா இருக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு. அதனால உங்க வேரியன்ட் மேட்ச் ஆச்சுன்னா அதுதான் காரணம்னு எழுதிடாதீங்க, அந்த இடத்துல ஏதோ இருக்குன்னு மட்டும் எழுதுங்க.

இப்ப கசப்பான பக்கம். டைப் 2 சுகருக்கு இதுவரைக்கும் கிடைச்ச காமன் வேரியன்ட்கள்ல ரொம்ப வலுவா, கிட்டத்தட்ட எல்லா மக்கள்கிட்டயும் நிக்கிறது டிசிஎஃப்7எல்2. அதை யாருமே கேண்டிடேட்டா எடுத்திருக்க மாட்டாங்க. 2006-ல ஐஸ்லாந்து டீகோட் கம்பெனி 10-வது குரோமோசோம்ல ஒரு இடத்தைச் சல்லடை போட்டுத் தேடினப்ப அகப்பட்டது அது. இன்சுலின், குளுகோஸ்னு யோசிச்சுப் பட்டியல் போட்ட யாரு லிஸ்ட்லயும் அது இல்ல. 2007-ல இருந்து ஜீனோம் பூரா ஒரே நேரத்துல பாக்குற ஸ்டடி பெரிய அளவுல வந்துடுச்சு, அந்த வருஷம் இங்கிலாந்து வெல்கம் டிரஸ்ட் கூட்டமைப்பு ஏழு நோய்க்கு 14,000 கேஸ், 3000 பொது கன்ட்ரோல் வெச்சுப் பண்ணாங்க. அதனால இன்னிக்கு நீங்க புதுசா ஒரு ஜீனை எடுக்கிறீங்கன்னா முதல் வேலை, இந்த மாதிரி ஜீனோம் பூரா பாத்த ஸ்டடி ரிசல்ட்டை எல்லாம் சேர்த்து வெச்சிருக்கிற ஜிவாஸ் கேட்டலாக் திறந்து உங்க நோய்க்கு அந்த ஜீன் பக்கத்துல எதாவது வந்திருக்கான்னு பாருங்க. லட்சக்கணக்கான பேர்ல பாத்தும் அந்த வேரியன்ட்ல ஒண்ணுமே வரலன்னா உங்க 200 பேர்ல வர்றது பெரும்பாலும் தற்செயலா வந்த சத்தம் தான். டிப்ரஷனுக்கு 5-எச்டிடி, பிடிஎன்எஃப்ங்கிற ஜீன் தான் காரணம்னு வருஷக்கணக்கா பேப்பர் போட்டாங்க இல்லையா, 2019-ல ரிச்சர்ட் பார்டர் குழு அதுல அதிகம் ஆராயப்பட்ட 18 ஜீனை 62,000-ல இருந்து 4,43,000 பேர் வரைக்கும் இருக்கிற டேட்டாவுல வெச்சுப் பாத்தாங்க, சும்மா கண்ணை மூடிக்கிட்டுப் பொறுக்குற ஜீனை விட இந்த 18 ஒண்ணும் ஒசத்தி இல்லன்னு வந்துச்சு.

அப்ப கேண்டிடேட் ஜீன் செத்துப் போச்சான்னா, இல்ல. மூணு இடத்துல இன்னும் நல்லா வேலை செய்யும்னு நான் நினைக்கிறேன். ஐரோப்பியர்கிட்ட கிடைச்சது நம்ம ஆளுங்ககிட்ட நிக்குதான்னு பாக்குறது ஒண்ணு. மருந்து ஏன் ஒருத்தருக்குக் கேக்குது ஒருத்தருக்குக் கேக்கலைன்னு பாக்குறது ரெண்டு. மூணாவது, ஒரு ஜீனை முழுசா சீக்வென்ஸ் பண்ணி அரிதான, ஆனா பலமான மாற்றத்தைத் தேடுறது. இதுக்கு பிசிஎஸ்கே9 தான் கண் முன்னாடி இருக்கிற சாட்சி. 2003-ல பிரான்ஸ்ல கொலஸ்ட்ரால் ஏறுன குடும்பங்கள்ல அந்த ஜீன் கிடைச்சுது, அது கூடுதலா வேலை செஞ்சா எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) ஏறும்னா வேலை செய்யாம போனவங்களுக்கு இறங்கியிருக்கணுமேன்னு டல்லாஸ்ல ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் தேடினாங்க. கறுப்பின மக்கள்ல சிலருக்கு அந்த ஜீனையே நிறுத்திடுற மாற்றம் இருந்துச்சு, அவங்களுக்கு எல்டிஎல் 28% கம்மி, மாரடைப்பு மாதிரி இதய நோய் ரிஸ்க் 88% கம்மின்னு 2006-ல பேப்பர் வந்துச்சு. 2015-ல அந்தப் புரோட்டீனைத் தடுக்கிற ஊசி மார்க்கெட்டுக்கே வந்துடுச்சு.

வேரியன்ட் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கான்னு பாருங்க

இது அரை மணி நேர வேலை, ஆனா நிறைய பேரு பண்றதில்ல. அமெரிக்கப் பேப்பர்ல 30% இருக்கிற அலீல் (ஒரு வேரியன்டோட வடிவங்கள்ல ஒண்ணு) இங்க 5% இருக்கலாம், இல்லாமயே கூட போகலாம். ஆன்சம்பல் சைட்ல வேரியன்ட் நம்பரைப் போட்டா 1000 ஜீனோம்ஸ் ப்ராஜெக்ட்டோட அளவெல்லாம் வரும், அதுல எஸ்டியூன்னு ஒரு குழு இருக்கு பாருங்க, அது இங்கிலாந்துல வாழுற இலங்கைத் தமிழர், 102 பேரு. ஐடியூன்னு இருக்கிறது தெலுங்குக்காரங்க. அது தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், ஆனா ஐரோப்பா நம்பரை எடுத்துக் கணக்குப் போடுறதுக்கு இது எவ்வளவோ மேல். அலீல் 1% தான்னா ஆளுக்கு ரெண்டு காப்பி வீதம் 200 பேர்ல மொத்தமே 4 காப்பி தான் இருக்கும், அதை வெச்சு என்ன பேசுறது.

அலீல் இருந்தாலும் வேலை ஒண்ணா இருக்கும்னு கிடையாது. பிபிஏஆர்ஜி ஜீன்ல ப்ரோ12ஆலான்னு ஒரு வேரியன்ட், 12-வது இடத்துல ப்ரோலினுக்குப் பதிலா ஆலனின் வர்றது. 2000-ல டேவிட் ஆல்ட்ஷூலர் குழு, அதுவரைக்கும் சுகருக்குச் சொல்லப்பட்ட 16 தொடர்பை 3000 பேருக்கு மேல வெச்சுச் சோதிச்சாங்க, நின்னது இது ஒண்ணே ஒண்ணுதான், ஆலா இருந்தா ரிஸ்க் குறையும்னு. 2006-ல சென்னை மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்ல வெங்கடேசன் ராதா குழு சென்னைக்காரங்க, டல்லாஸ்ல இருக்கிற தெற்காசியர், அங்கயே இருக்கிற வெள்ளைக்காரங்க மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. வெள்ளைக்காரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு தெரிஞ்சுது, தெற்காசியருக்குத் தெரியல. இந்த மாதிரி ஒரு கேள்விக்குத்தான் நம்ம ஊர் சாம்பிள் தேவை. ஏற்கனவே 20 ஊர்ல பாத்ததை 21-வது ஊர்லயும் பாத்தோம்ங்கிறதுக்கு இல்ல.

எத்தனை பேரு வேணும்

கைடு கிட்ட சண்டை வர்ற இடம் இது. கணக்கை நேராவே போட்டுக் காட்டுறேன். அலீல் கன்ட்ரோல்ல 30%, உண்மையான ஆட்ஸ் ரேஷியோ (அந்த அலீல் இருந்தா நோய்க்கான சாத்தியம் எத்தனை மடங்குங்கிறது) 1.3ன்னு வெச்சுக்கோங்க, காமன் நோய்க்கு காமன் வேரியன்ட்ல 1.3ங்கிறதே பெரிசு. கேஸ்ல அந்த அலீல் கிட்டத்தட்ட 36% வரும். இந்த 30-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசத்தை 0.05 லெவல்ல, 80% பவர்ல (உண்மையான தொடர்பைத் தவற விடாம பிடிக்கிற வாய்ப்பு) பிடிக்கணும்னா ஒவ்வொரு பக்கமும் சுமார் 520 பேரு வேணும். ஆட்ஸ் ரேஷியோ 1.15ன்னா பக்கத்துக்கு 1850 பேரு. ஜீனோம் பூரா பாக்குறவங்க வெச்சிருக்கிற 5-ஐ 10 கோடியால வகுத்த பி வேல்யூ லெவல் வேணும்னா 1.3-க்கே பக்கத்துக்கு 2600 பேரு.

100-100-ல என்ன ஆகும்? பவர் 23% கிட்ட. நாலு தடவை பண்ணா மூணு தடவை உண்மையான தொடர்பையே தவற விட்டுடுவீங்க. அது கூட பரவால்ல, இதை விட மோசமானது ஒண்ணு இருக்கு, 100-100-ல பி வேல்யூ 0.05-க்குக் கீழ வரணும்னா ஆட்ஸ் ரேஷியோ குறைஞ்சது 1.5 வந்தாகணும், அப்ப உண்மை 1.3-ஆ இருந்தாலும் உங்களால பப்ளிஷ் பண்ண முடியுறது 1.5-க்கு மேல ஊதின நம்பர் மட்டும் தான். அடுத்த ஆளு அந்த 1.5-ஐ நம்பி சாம்பிள் சைஸ் கணக்குப் போடுவாரு, அவருக்கு வராது. சென்னையில டிசிஎஃப்7எல்2 பாத்த 2007 பேப்பர்ல ரெண்டு பக்கமும் ஆயிரத்துக்கு மேல ஆளுங்க, க்யூர்ஸ்னு 2001-ல ஆரம்பிச்சு சென்னை வார்டு வார்டா 26,001 பேரைச் சந்திச்ச சர்வே கையில இருந்ததால அது முடிஞ்சுது. உங்களுக்கு அப்படி ஒண்ணு இல்லன்னா ரெண்டு மூணு காலேஜ் சேர்ந்து ஒரே ப்ரோட்டோகால்ல பண்ணுங்க, இல்லன்னா ஏற்கனவே சாம்பிள் வெச்சிருக்கிறவங்ககிட்ட கேளுங்க. பவர் கணக்குக்கு குவான்டோ, ஜிஏஎஸ் பவர் கால்குலேட்டர்னு ஃப்ரீயா இருக்கு, போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சினாப்சிஸ்லயே ஒட்டுங்க, கைடே அடங்கிடுவாரு.

கேஸ் யாரு, கன்ட்ரோல் யாரு

என் கணிப்புல நம்ம ஊர் ஸ்டடி அதிகமா கெட்டுப் போறது இங்கதான். சுகர் ஓபில உக்காந்து வர்ற 100 பேரை வரிசையா எடுத்தா அதுல டைப் 1 வயசாகி வந்தது இருக்கும், ஒரே ஜீன் தப்பால வர்ற மோடிங்கிற சுகர் இருக்கும், மேல சொன்ன கணையக் கல்லு சுகரும் இருக்கும். மூணுக்கும் ஜீன் வேற வேற. எந்த வயசுல ஆரம்பிச்சுது, இன்சுலின் எப்ப போட்டாங்க, உடம்பு மெலிவா, வயித்து வலி இருந்துச்சான்னு கேட்டு, சந்தேகம் இருந்தா சி-பெப்டைடு, ஜிஏடி ஆன்டிபாடி, வயித்து எக்ஸ்ரேன்னு பாத்து ஒதுக்குங்க.

கன்ட்ரோல் இன்னும் கஷ்டம். பாதி பேப்பர்ல "ஹெல்தி வாலன்டியர்ஸ்"னு போட்டிருக்கும், பாத்தா காலேஜ் பசங்க, நர்ஸ், லேப் டெக்னீஷியன், ரத்ததானம் பண்ண வந்தவங்க, வயசு 24. கேஸுக்கு வயசு 52. அந்த 24 வயசுப் பையனுக்கு இன்னும் சுகர் வரல, அவ்வளவு தான், கடைசி வரைக்கும் வராதுன்னு சொல்ல முடியாது, தமிழ்நாட்டுல அவன்ல எத்தனை பேருக்கு 45-ல வரும்னு யோசிச்சுப் பாருங்க. அவனை நார்மல்னு எழுதினா ரிஸ்க் அலீல் கன்ட்ரோல்லயும் ஒளிஞ்சு உக்காந்திருக்கும், வித்தியாசம் கரைஞ்சிடும். கேஸ் வயசுக்குச் சமமா, முடிஞ்சா அதுக்கு மேல இருக்கிற கன்ட்ரோலை எடுங்க. "எனக்கு சுகர் இல்ல"ன்னு வாயால சொன்னது பத்தாது, 75 கிராம் குளுகோஸ் குடுத்து 2 மணி நேரம் கழிச்சு 140-க்குக் கீழ இருக்கணும். ஃபாஸ்டிங் மட்டும் பாத்து விடாதீங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் ஏறுறவங்க நம்ம ஊர்ல நிறைய.

அடுத்தது தான் நிறைய பேரு கேள்விப்பட்டும் விட்டுடுறது, கேஸும் கன்ட்ரோலும் ஒரே மக்கள் கூட்டத்துல இருந்து வந்தவங்களா? அரிசோனா பீமா பழங்குடி கதை எல்லாப் பாடத்துலயும் வரும், ஆனா ஒரு தடவை மெதுவா படிங்க. 1988-ல வில்லியம் நோலர் குழு 4920 பேரைப் பாத்தாங்க, இம்யூனோகுளோபுலின் சம்பந்தப்பட்ட ஜிஎம்னு ஒரு ஹேப்ளோடைப் (ஒண்ணா சேர்ந்தே வம்சத்துல இறங்குற வேரியன்ட் தொகுப்பு), அது இருக்கிறவங்கள்ல 8% பேருக்குத்தான் சுகர், இல்லாதவங்கள்ல 29%. பாக்க எப்பேர்ப்பட்ட பாதுகாப்பு மாதிரி இருக்கு! உண்மையில அந்த ஹேப்ளோடைப் ஐரோப்பிய வம்சத்துல இருந்து வந்தது. யாரு உடம்புல ஐரோப்பியக் கலப்பு அதிகமோ அவங்களுக்கு சுகர் கம்மி, ஹேப்ளோடைப்பும் அதிகம். முழுப் பழங்குடி வம்சத்தை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா தொடர்பே காணோம்.

இப்ப அதை நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. பல பத்துத் தலைமுறையா சாதிக்குள்ளயே கல்யாணம் பண்ணிட்டு வந்திருக்கோம், ஒரே தெருவுல இருக்கிற ரெண்டு சமூகத்துக்கு நடுவுல அலீல் அளவு வித்தியாசப்படும். கேஸ் அரசு ஆஸ்பத்திரி ஓபில இருந்து, கன்ட்ரோல் ஐடி கம்பெனி மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல இருந்துன்னு எடுத்தீங்கன்னா நீங்க கண்டுபிடிக்கிறது சுகர் ஜீனா சமூக வித்தியாசமான்னு உங்களுக்கே தெரியாது. சமூகம், தாய்மொழி, அப்பா அம்மா சொந்த ஊரு மூணையும் ஃபார்ம்ல கேளுங்க, கேக்க சங்கடமா இருந்தாலும் எதுக்குன்னு விளக்கிட்டுக் கேளுங்க. காசு இருந்தா நோய்க்குச் சம்பந்தமில்லாத மார்க்கர் சில நூறு சேர்த்துப் பாத்து வம்சக் கணக்கைச் சரி பண்ணலாம். காசு இல்லன்னா கேஸ் எந்த ஏரியா எந்த சமூகமோ கன்ட்ரோலும் அதே விகிதத்துல எடுக்கிறது தான் வழி.

எத்திக்ஸ் கமிட்டியைப் பத்தி நீட்ட வேண்டாம், ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டி இருக்கு. கன்சென்ட் ஃபார்ம் தமிழ்ல, டிஎன்ஏவை எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க, வேற நோய்க்கும் பாப்பீங்களாங்கிறதைத் தனித்தனி டிக் போடுற மாதிரி எழுதுங்க. சாம்பிளை வெளிநாட்டு லேபுக்கு அனுப்புற எண்ணம் இருந்தா சுகாதார அமைச்சக ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதியை முதல்லயே விசாரிங்க, கடைசி வருஷத்துல இல்ல.

லேப்ல

ஊதா மூடி ஈடிடிஏ ட்யூப்ல எடுங்க. பச்சை மூடி ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும், வார்டுல கையில கிடைச்ச ட்யூப்ல எடுத்துக் குடுத்துடுவாங்க, சிஸ்டர் கிட்ட நீங்களே ட்யூபைக் கொடுத்துடுங்க. டிஎன்ஏ எடுக்க சால்டிங் அவுட் போதும், கிட் கட்டாயமில்ல. ஒவ்வொரு ப்ளேட்லயும் கேஸும் கன்ட்ரோலும் கலந்து இருக்கணும், ஜீனோடைப் (ஒருத்தர்கிட்ட இருக்கிற ரெண்டு அலீல் எது எதுங்கிறது) படிக்கிற ஆளுக்கு எது கேஸ் எது கன்ட்ரோல்னு தெரியக்கூடாது, டிஎன்ஏ போடாத ஒரு குழி (வெல்), நூத்துக்கு அஞ்சு பத்து சாம்பிள் ரெண்டாவது தடவை. கேஸ் எல்லாம் ஜனவரி ப்ளேட்ல, கன்ட்ரோல் எல்லாம் ஜூன் ப்ளேட்லன்னு போட்டா ஜனவரிக்கும் ஜூனுக்கும் உள்ள வித்தியாசம் தான் ரிசல்ட்டா வரும்.

எங்க தப்பு நுழையும்னு பாக்க, பிளட் பிரஷரோட சம்பந்தப்பட்ட என்சைமுக்கான ஏசிஈ ஜீனை எடுத்துக்கலாம், தீசிஸ்ல இது ரொம்பப் பிரபலம், சுலபமா ஜெல்ல பாக்கலாம்ங்கிறதால. 16-வது இன்ட்ரான்ல (ஜீன்ல புரோட்டீனுக்குப் போகாத பகுதி) 287 பேஸ் ஒரு துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இருந்தா ஐ, இல்லன்னா டி. பிசிஆர் ஓட்டி அகரோஸ் ஜெல்ல பாத்தா ஐ-க்கு 490-ல ஒரு பேண்ட், டி-க்கு 190-ல ஒரு பேண்ட், ரெண்டும் இருக்கிற ஐடி ஆளுக்கு ரெண்டு பேண்ட், சில சமயம் 490-க்குக் கொஞ்சம் மேல மங்கலா மூணாவது கோடு ஒண்ணு தெரியும், ரெண்டு அலீலும் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சதால வர்றது. சிக்கல் எங்கன்னா சின்ன துண்டு சீக்கிரம் பெருகும். டிஎன்ஏ தரம் கொஞ்சம் சுமாரா இருந்தா ஐடி ஆள்கிட்ட 190 பேண்ட் பளிச்சுன்னு வரும், 490 பேண்ட் வராமலே போயிடும், நீங்க டிடின்னு எழுதிடுவீங்க. இந்தத் தப்பு நடக்குதுன்னு 1990-கள்லயே கண்டுபிடிச்சு வழியும் சொல்லிட்டாங்க, டிடின்னு படிச்ச எல்லா சாம்பிளையும் அந்த 287 துண்டுக்குள்ள மட்டும் உக்கார்ற ப்ரைமர் வெச்சு ரெண்டாவது தடவை ஓட்டணும், 335-ல பேண்ட் வந்தா அவரு ஐடி தான். முதல் பிசிஆர்லயே 5% டிஎம்எஸ்ஓ சேர்த்தாலும் ஐ கொஞ்சம் நல்லா வரும். இத்தனை பண்ணியும் ஏசிஈ மாரடைப்புக் கதை என்ன ஆச்சுன்னா, 1992-ல டிடிக்கு ரிஸ்க்னு வந்த பேப்பர் பெரிய பரபரப்பு, 2000-ல சுமார் 5000 கேஸ் 6000 கன்ட்ரோல் வெச்சு இங்கிலாந்துல பண்ணப்ப சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.

அந்தத் தப்பை நம்பர்ல எப்படிப் பிடிக்கிறது? ஹார்டி வெயின்பர்க், அதாவது அலீல் அளவை வெச்சே மூணு ஜீனோடைப்பும் எத்தனை பேருக்கு இருக்கணும்னு சொல்ற விதி. கன்ட்ரோல் 200 பேர்ல ஐஐ 50, ஐடி 70, டிடி 80 வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. ஐ அலீல் 170, மொத்தம் 400, அதாவது 0.425. அப்ப எதிர்பாக்க வேண்டியது ஐஐ 36, ஐடி 98, டிடி 66. கை ஸ்கொயர் (எதிர்பாத்ததுக்கும் வந்ததுக்கும் உள்ள விலகலை அளக்குற எண்) 16 கிட்ட, 3.84-க்கு மேல போனாலே யோசிக்கணும். ஐடி 28 பேரு காணோம். ஐடி ஆளுங்க 30 பேரை டிடின்னு படிச்சிருந்தா உண்மையான கணக்கு 50, 100, 50, அச்சடிச்ச மாதிரி சரியா நிக்குது பாருங்க.

இங்க ஒரு சமாதானம் சொல்வாங்க, "நம்ம ஊர்ல சொந்தத்துல கல்யாணம் பண்ணுவாங்கல்ல, அதனால தான் சார் ஹார்டி வெயின்பர்க் உடையுது"ன்னு. உடையும், ஆனா எவ்வளவுன்னு கணக்குப் போட்டுட்டுச் சொல்லணும். அக்கா பொண்ணைக் கட்டினவங்க குழந்தைக்கு இன்ப்ரீடிங் அளவு 1/8, அத்தை பொண்ணு மாமா பையன்னா 1/16. 200 கன்ட்ரோலும் தாய்மாமனைக் கட்டின அம்மாவுக்குப் பிறந்தவங்கன்னே வெச்சாலும் 98-ல எட்டுல ஒரு பங்கு தான் குறையும், 86 இருக்கணும். 70 வந்திருக்குன்னா ஜெல்லைத் திரும்பப் பாருங்க.

கணக்கு போடுறது

லாஜிஸ்டிக் ரெக்ரஷன், அலீல் எத்தனை காப்பின்னு 0, 1, 2 போட்டு, கூட வயசு, ஆண் பெண். ப்ளிங்க், ஆர்ங்கிற சாஃப்ட்வேர் எதுலயும் ரெண்டு வரி. டாமினன்ட், ரெசஸிவ், ஓவர்டாமினன்ட்னு எல்லாத்தையும் ஓட்டி நல்லா வந்ததை மட்டும் டேபிள்ல போடுறது வழக்கமாவே ஆயிடுச்சு. அஞ்சு வேரியன்ட், மூணு மாடல், ஆண் தனி பெண் தனின்னு பாத்தா 30 டெஸ்ட், எதுவுமே உண்மை இல்லன்னாலும் சராசரியா ஒண்ணரை 0.05-க்குக் கீழ வந்தே தீரும். எந்த மாடல்னு முன்னாடியே எழுதி வெச்சுட்டு, எத்தனை டெஸ்ட் பண்ணீங்களோ அத்தனையையும் பேப்பர்ல சொல்லுங்க.

பிஎம்ஐயை மாடல்ல சேக்கலாமாங்கிறது எப்பவும் வர்ற கேள்வி. எஃப்டிஓ ஜீன் 2007-ல சுகருக்குத் தேடினப்ப தான் அகப்பட்டுச்சு, பிஎம்ஐக்கு அட்ஜஸ்ட் பண்ணதும் ஐரோப்பியர்கிட்ட அந்தத் தொடர்பு மறைஞ்சுது, அப்பத்தான் அது உடம்பைப் போட வெக்கிற ஜீன்னு தெரிஞ்சுது. புனேயில யாக்னிக் குழு 2009-ல பாத்தா நம்ம ஆளுங்ககிட்ட பிஎம்ஐ அட்ஜஸ்ட் பண்ணாலும் சுகர் தொடர்பு முழுசா போகல. அதனால ரெண்டு விதமாவும் ஓட்டி ரெண்டையும் போடுங்க, ஒண்ணை மறைச்சா தகவல் போச்சு.

முடிஞ்சா ரெண்டாவது செட் சாம்பிள், வேற ஊர், வேற டீம், அதே வேரியன்ட், அதே அலீல், அதே திசை. வேற அலீல்ல வந்தா அதை ரெப்ளிகேஷன்னு எழுதாதீங்க. ரெண்டாவது செட்டுக்கு வழியில்லன்னா பேப்பர்ல கேஸுக்கும் கன்ட்ரோலுக்கும் மூணு ஜீனோடைப்போட முழு எண்ணிக்கையையும் போடுங்க, பி வேல்யூ மட்டும் போட்ட பேப்பரை மெட்டா அனாலிசிஸ் பண்றவங்களால சேர்த்துக்கவே முடியாது. ஒண்ணுமே வரலன்னாலும் போடுங்க, இந்த மாதிரி ஸ்டடியில என்னென்ன எழுதணும்னு சொல்ற ஸ்ட்ரீகான்னு 2009-ல வந்த செக்லிஸ்ட் இருக்கு, அதை வெச்சு எழுதினா நெகடிவ் பேப்பரையும் எடுக்கிற ஜர்னல் இருக்கு.

ரத்தம் குடுத்தவங்க ரிசல்ட் கேட்டு வருவாங்க, அதுக்கும் தயாரா இருங்க. டிசிஎஃப்7எல்2 மாதிரி பெரிய வேரியன்டுக்கே ஒரு காப்பிக்கு ஆட்ஸ் ரேஷியோ 1.4 கிட்ட தான், சுகர் வர்ற வாய்ப்பு நூத்துக்கு 10-ஆ இருந்தவருக்கு அது 13, 14 ஆகும், அவ்வளவு தான். இதை வெச்சு "உங்களுக்கு சுகர் ஜீன் இருக்கு"ன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, அந்த அம்மா வீட்டுக்குப் போய் பொண்ணுக்குப் பாத்த வரன் வரைக்கும் அது போகும். அதுக்குப் பதிலா கன்ட்ரோலா வந்தவங்களுக்கு எடுத்த குளுகோஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில குடுங்க. அதுல பத்து பேருக்காவது 140-க்கு மேல இருந்து ஸ்டடியில சேர்க்காம விட்டிருப்பீங்க, அவங்களுக்கு முதல்ல போன் போட்டு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க.